பொருந்தக் கூடாது

4 நவம்பர், செவ்வாய்

காலையிலிருந்து மழை. எல்ஆர்டி ரயில் தாமதம். பிரிக்ஃபீல்ட்ஸ் வீட்டிலிருந்து டிஎன்ஏ லேபுக்கு ஒன்றரை மணி நேரம். நனைந்த சாக்ஸோடு வேலை.

இன்று பந்திங் ஊர்க் கேஸ். செம்பனைத் தோட்டத்துக் கால்வாயில் கிடைத்த உடல், அடையாளம் தெரியவில்லை. என்னிடம் வந்தது ஒரு பல் மட்டும். காணாமல் போன குமாருடையதா என்று பார்க்க வேண்டும். அவன் அம்மா பாக்கியம் ஆன்டியைப் போலீஸ் கூட்டி வந்தது. மகனின் பிரஷ்ஷும் சீப்பும் கொண்டுவரச் சொல்லியிருந்தார்கள். கொண்டுவந்தார். வெந்நீரில் கழுவி, வெயிலில் காயவைத்து, புதுப் பையில். சீப்பில் ஒரு முடிகூட இல்லை.

"ஆபீசுல குடுக்கிற சாமான், அழுக்கா எப்படிம்மா குடுக்கிறது?"

எரிச்சல். பிறகு எங்கள் மேலேயே எரிச்சல். கழுவாதீர்கள் என்று யாருமே சொல்லவில்லை. ஆன்டியின் கன்னத்துக்குள் பஞ்சுக் குச்சி தேய்த்து எடுத்தேன். இனி அதை வைத்துத்தான் பார்க்க வேண்டும். கிளம்பும்போது என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"பொருந்தக் கூடாதுன்னு வேண்டிக்கம்மா."

5 நவம்பர், புதன்

பல்லைப் பொடியாக்கியாயிற்று. கையுறை தீர்ந்துவிட்டது, சொல்ல வேண்டும். வீட்டுக்கு: பால், ரொட்டி, பல்பு.

மதியம் நகலெடுக்கும் மெஷின். சூடாக்கினால் டிஎன்ஏவின் இரண்டு இழையும் பிரியும். ஆறவிட்டால் தனியான இழை ஒவ்வொன்றும் தன் ஜோடியை எழுத்தெழுத்தாகக் கட்டிக்கொள்ளும். ஏ-க்கு டி, ஜி-க்கு சி. ஒன்று இரண்டாகும், இரண்டு நாலாகும். பன்னிரண்டு வருடமாக ஓட்டுகிறேன். நகல் வராமல் போகட்டும் என்று இன்றுதான் நினைத்தேன். வெட்கமாக இருந்தது.

6 நவம்பர், வியாழன்

முடிவு வந்தது. டிஎன்ஏவில் நாங்கள் பார்க்கும் ஒவ்வொரு இடத்திலும் பிள்ளைக்கு இரண்டு எண். அதில் ஒன்று அம்மாவினுடையதாக இருக்க வேண்டும். முதல் இடம், இருக்கிறது. இரண்டாவது, இருக்கிறது. எட்டு வரை அப்படியே. ஒன்பதாவது மங்கல், படிக்க முடியவில்லை. அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். சூப்பர்வைசர் சிவா அண்ணனிடம் மறுபடி ஓட்டுகிறேன் என்றேன். என் முகத்தைப் பார்த்தார்.

"ஓட்டு லா. ஆனா திரும்ப ஓட்டினா பல்லு வேற ஆளோடதா மாறிடாதும்மா."

மறுபடி ஓட்டிவிட்டுத்தான் கிளம்பினேன்.

7 நவம்பர், வெள்ளி

ஒன்பதாவது தெளிவு. அங்கேயும் ஆன்டியின் எண். மிச்ச இடங்களிலும். பொருந்துகிறது என்று கையெழுத்துப் போட்டேன்.

பதினொரு மணிக்கு லேபுக்கு ஆன்டியின் போன். முடிவை நான் சொல்லக் கூடாது, போலீஸ்தான் சொல்லும். என்ன பேசுவதென்று தெரியாமல் சாப்பிட்டீங்களா ஆன்டி என்றேன். குரல் உடைந்துவிட்டது.

ஆன்டி முடிவைக் கேட்கவே இல்லை.

"எம்புள்ளைய எப்பம்மா குடுப்பாங்க?"