நிலைக்கு அடியில் பன்னிரண்டு வார்த்தை

என் உயிரான அண்ணனுக்கு,

இந்த அகால நேரத்தில் எழுதுகிறேன், கோவிச்சுக்காதே. மணி ஒன்றரை. பாப்பாவுக்குப் பல் முளைக்கிறது, இப்போதுதான் என் தோளில் சாய்ந்து கண்ணை மூடியிருக்கிறாள். கீழே போட்டால் முழித்துவிடுவாள் என்று ஒரு கையால் அவளைப் பிடித்துக்கொண்டு மறு கையால் எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் அதற்கு உன் மருமகள்தான் பொறுப்பு. நீ அவளைப் பார்த்ததே இல்லையே. மூக்கு அப்படியே உன் மூக்கு, பாவம்.

நீ போய் இரண்டு ஆடி ஆகிவிட்டது. உன் மகன் முகில் இரண்டாம் வகுப்புக்கு வந்துவிட்டான். அப்பாவுக்கு ஒரு கண்ணில் புரை எடுத்தாச்சு, இன்னொன்றை எடுக்க வர மாட்டேன் என்கிறார். அம்மா உன் கூடத்தான் இருப்பாள், கேட்டதாகச் சொல்.

நான் கேட்க வந்தது வேறு. அந்தத் தகட்டில் நீ எழுதி வைத்துவிட்டுப் போனாயே ஒரு காசு, அதற்கு நிஜமாகவே ஏதாவது மதிப்பு உண்டா?

இதைப் பிறரும் படிக்கக்கூடும். அதனால் உனக்குத் தெரிந்ததையே முதலிலிருந்து சொல்கிறேன், பொறுத்துக்கோ.

நம் வீட்டுக்குத் தலைவாசல் நிலை வைத்த அன்று, அப்பா தேக்கு நிலைக்கு மஞ்சள் குங்குமம் வைத்துச் சாத்தியிருந்தார். காரைக்குடியைச் சுற்றி எத்தனையோ வீட்டுக்கு நிலை செய்த ஆசாரி, தன் வீட்டுக்கென்று இழைத்தது அது ஒன்றைத்தான். குழியில் நவதானியம், ஒரு வெள்ளிக்காசு, பொட்டுத் தங்கம் எல்லாம் போட்டாயிற்று. அப்போது நீ சட்டைப் பையிலிருந்து ஒரு செப்புத் தகட்டை எடுத்து நீட்டினாய். "எந்திரத் தகடுப்பா, கோயில்ல வச்சு எடுத்துட்டு வந்தேன்." அப்பா அதைக் கண்ணில் ஒற்றி, சந்தனம் தடவி, குழிக்குள் வைத்தார். நிலை ஏறியது. முகிலைக் கையில் பிடித்துக்கொண்டு மதினி குலவை போட்டார்கள்.

சாயங்காலம் என்னைச் செங்கல் அடுக்குக்குப் பின்னால் கூட்டிப்போய் உண்மையைச் சொன்னாய். அது எந்திரமே இல்லை. ஆணியால் கீறிய பன்னிரண்டு இங்கிலீஷ் வார்த்தை. ஆரஞ்சு, ஏணி, குடை என்று சின்னப் பிள்ளைகள் படிக்கிற வார்த்தைகள். அந்தப் பன்னிரண்டையும் அதே வரிசையில் போட்டால்தான் உன் டிஜிட்டல் காசுப் பெட்டி திறக்குமாம்.

"இதுதான் தேனு, சாவி. பேப்பர்ல எழுதுனாக் கரையான் அரிக்கும். போன்ல வச்சாக் களவு போகும். நம்ம ஊர்ல எவனும் தோண்டாத எடம் நிலைக்கு அடிதான்."

"எல்லாஞ் சரி. எதை வச்சு வாங்குன?"

நீ செருப்பால் மணலைக் கிளறினாய். மதினியின் இரண்டு வளையல் என்று சொன்னாய். தளத்துக்குக் கம்பி வாங்க வேண்டும், விலை ஏறப்போகிறது என்று சொல்லி அவர்கள் கையிலிருந்து கழற்றி வாங்கிய வளையல்.

"அட கிறுக்கா! தங்கத்தை வித்துக் காத்தை வாங்கிருக்கியே!"

"தங்கத்துல மட்டும் என்ன இருக்கு? சோறாக்கித் திங்க முடியுமா? எல்லாரும் வேணும்ங்கறாக, அதான் வெலை. நாளைக்கு இதையும் வேணும்பாக."

"தங்கத்தைக் கையில மாட்டிக்கலாம்ல? இதை மாட்டிக்கிட்டு மதினி எந்தக் கல்யாணத்துக்குப் போவாக?"

நீ சிரித்தாய். "நாலு மடங்கு ஏறட்டும், ரெண்டு வளையலுக்கு நாலா வாங்கி மாட்டிவிட்டுட்டு அப்பறமாச் சொல்லுறேன். அதுவரைக்கும் நீ வாயத் தெறக்கக் கூடாது, கழுத" என்று உன் தலையில் என் கையை வைத்துச் சத்தியம் வாங்கினாய்.

சம்பளத்தில் மிச்சம் பிடித்துத் தளத்தையும் போட்டுவிட்டாய். அப்புறம் திருமயம் ரோட்டில் அந்த லாரி. உன்னோடு உன் போனும் நொறுங்கிப்போனது. அந்தத் தலையே இல்லை என்றான பிறகு சத்தியம் யாருக்கு அண்ணே? இருந்தும் இரண்டு வருஷம் வாயைத் திறக்கவில்லை.

ஏன் என்று கேட்பாய். உன் பேங்க் கணக்கில் இருந்ததை இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ் எல்லாம் கொடுத்து, நாலு தடவை நடந்து, மதினி வாங்கிவிட்டார்கள். இந்தக் காசுக்கு மேனேஜரும் இல்லை, கவுண்டரும் இல்லை. நீ செத்தது அதற்குத் தெரியவே தெரியாது. பன்னிரண்டு வார்த்தை வந்தால் திறக்கும், வராவிட்டால் முகில் கிழவனாகும் வரைக்கும் சும்மா கிடக்கும். அந்த வார்த்தையை எடுக்க அப்பாவின் நிலையைத் தூக்க வேண்டும். தூக்கி, உள்ளே ஒன்றும் இல்லாமல் போய்விட்டால்?

அதைவிடப் பெரிய பயம் ஒன்று. வீட்டுக்கு யார் வந்தாலும் மதினி கூடத்தில் நின்று மேலே கையைக் காட்டுவார்கள். "இந்தத் தளத்துல என் வளையல் ரெண்டு கெடக்கு" என்பார்கள். நீ போன பிறகும் அந்த வீட்டில் அவர்கள் நிமிர்ந்து நின்றது அந்த ஒரு பேச்சில்தான். அதை எப்படிப் பிடுங்குவேன்?

இந்த இரண்டு வருஷமாக எனக்குள்ளேயே வாதாடிக்கொண்டிருக்கிறேன். காசு என்றால் என்ன என்று பி.காம்.மில் பக்கம் பக்கமாக எழுதி மார்க் வாங்கினவள் நான். அதால் பொருள் வாங்கலாம், சேர்த்து வைக்கலாம், விலையை அளக்கலாம். உன் காசை எடுத்துக்கொண்டு சந்தைக்குப் போனால் கத்தரிக்காய்க்காரம்மா கட்டையால் அடிப்பாள். அவளே இப்போது தராசுக்குப் பக்கத்தில் ஸ்கேன் அட்டை வைத்திருக்கிறாள் என்று முன்பு ஒரு தடவை உன்னிடம் சொன்னேன். "அது ரூபாதான், வண்டி மட்டும் புதுசு. நான் சொல்றது வேற" என்றாய். வேறு என்றால் என்ன என்று அப்போதே விடாமல் கேட்டிருக்க வேண்டும்.

அதன் விலையைத் தினமும் போனில் பார்க்கிறேன். ஒரு வாரம் வானத்தில் நிற்கிறது, மறு வாரம் தொப்பென்று விழுகிறது. லாபத்துக்கு வரி போடுகிற அரசாங்கம், இது செல்லுபடியாகிற காசுதான் என்று சொல்ல மாட்டேன் என்கிறது. காலையில் மதிப்பு இருக்கிறது என்று தோன்றும். பாப்பாவுக்குப் பால் ஆற்றும்போது இல்லை என்று தோன்றும்.

நிலைக்கு அடியில் போடுகிற வெள்ளிக்காசையும்தான் யாரும் என்றைக்கும் செலவழிக்கப் போவதில்லை. ஆனால் அது இல்லாமல் அப்பா நிலையைத் தூக்கி நிறுத்த மாட்டார். அப்படியானால் நம்பிக்கைக்கும் ஒரு மதிப்பு இருக்கிறது என்றுதானே ஆகிறது? சரி, ஆனால் அந்தப் பொட்டுத் தங்கத்தை நம்பி யாராவது பள்ளிக்கூடத்தில் பீஸ் கட்டுவார்களா? பார், இப்படித்தான் சுற்றிச் சுற்றி வருகிறேன்.

நேற்றுச் சாயங்காலம் நம் வீட்டுக்குப் போயிருந்தேன். மதினி பாத்திரங்களைச் சாக்கில் கட்டிக்கொண்டிருந்தார்கள். சிங்கம்புணரியில் அவர்கள் தம்பி கயிறு கம்பெனியில் மதினிக்கு ஒரு வேலை பார்த்து வைத்திருக்கிறானாம். இங்கே துணிக்கடையில் பில் போட்டு வருகிற சம்பளம் பத்தவில்லை, மாமனார் உழைப்பில் உட்கார்ந்து சாப்பிடுகிற மாதிரி இருக்கிறது என்றார்கள். அடுத்த வாரம் முகிலையும் கூட்டிக்கொண்டு கிளம்புகிறார்கள்.

பாப்பாவைத் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தேன். கொல்லைப்பக்கம் போனேன். அப்பா ஒரு ஜன்னல் சட்டத்தை இழைத்துக்கொண்டிருந்தார்.

"ஏம்ப்பா, வச்ச நிலையைத் திரும்பத் தூக்கலாமா?"

"தூக்கலாம். மேல லிண்டல் தாங்கி நிக்கிது, சொவரு விழாது. ஏன்த்தா?"

"இல்ல, சும்மாதான் கேட்டேன்."

அப்பா இழைப்புளியைக் கீழே வைத்தார். "அந்தத் தகட்டுக்காகவா?"

எந்தத் தகடு என்று சமாளிக்கப் பார்த்தேன், அண்ணே.

"சந்தனம் தடவையிலயே பாத்தேன். எனக்கு வாசிக்கத் தெரியாதுதான். ஆனா இங்கிலீசு எழுத்துன்னு தெரியாதா? எந்தச் சாமிக்குத்தா இங்கிலீசு தெரியும்?"

"அப்பறம் ஏம்ப்பா கண்ணுல ஒத்துனீக?"

"என் மகன் நிலைக்கு அடியில வைக்கணும்னு நெனச்சது. என்னவா இருந்தா என்ன?"

நான் அழுதுகொண்டே எல்லாவற்றையும் கொட்டினேன். வார்த்தை, பெட்டி, சாவி, வளையல் எல்லாம். கொட்டி முடித்துத் திரும்பினால் வாசற்படியில் டீ டம்ளரோடு மதினி நிற்கிறார்கள். எவ்வளவு காதில் விழுந்ததோ தெரியவில்லை.

டம்ளரை வைத்துவிட்டு உள்ளே போனார்கள். நானும் அப்பாவும் பின்னாலேயே போனோம். கூடத்தின் நடுவில் நின்று தளத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டே இருந்தார்கள்.

"அப்ப இதுல இல்லையா?"

"இல்ல மதினி."

"ஊர்ல ஒருத்தர் விடாமச் சொல்லி வச்சிருக்கேனே, தேனு."

அவர்கள் காலைப் பிடித்துவிடலாமா என்று இருந்தது. என் தோளில் பாப்பா வேறு சிணுங்குகிறாள். மதினி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினார்கள்.

"ஒங்க அண்ணே எனக்குத் தெரியாம வச்சிருந்தது இது ஒண்ணுதானா? இல்ல, ஜன்னலுக்கு அடியில, சன்சேடுக்கு மேலன்னு இன்னும் இருக்கா?"

சிரிக்கவா அழவா என்று தெரியவில்லை. நீ இருந்திருந்தால் அந்த இடத்திலேயே மாட்டியிருப்பாய்.

"இப்ப அதுக்கு எம்புட்டு வரும்?" என்று கேட்டார்கள். தெரியாது என்றேன். தகடு பச்சை பிடித்து எழுத்து அழிந்திருக்கலாம், வரிசை புரியாமல் போகலாம், எடுக்கிற அன்றைக்கு விலை விழுந்திருக்கலாம் என்று எனக்குத் தெரிந்த பயத்தையெல்லாம் சொன்னேன். முழுக்கக் கேட்டார்கள்.

"எடுங்க மாமா" என்றார்கள் அப்பாவைப் பார்த்து. "காசு இருந்தாலும் எடுங்க, இல்லாட்டியும் எடுங்க. என் வளையலைக் குடுத்து என்னத்தை வாங்குனாருன்னு நான் கண்ணால பாக்கணும்."

அப்பா நிலையைத் தடவிப் பார்த்தார். "வியாழக்கிழமை காலம்பறத் தூக்குவோம். நான் வச்சதுதான, தூக்கவும் எனக்குத் தெரியும்."

நான் கிளம்பும்போது சாக்கு மூட்டை பாதி கட்டியபடியே கிடந்தது. மதினி அதை அவிழ்க்கவும் இல்லை, மேலே கட்டவும் இல்லை.

வந்ததிலிருந்து எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. ஒரு புதுப் பயம் கிளம்பிவிட்டது. ஒருவேளை நீயே இடையில் அதை விற்றிருந்தால்? தளத்துக்குச் சம்பளத்தில் மிச்சம் பிடித்தேன் என்றாயே, அந்தச் சம்பளத்தில் அவ்வளவு மிச்சமா ஆகும்? விலை ஏறின நேரமாகப் பார்த்து விற்று, அதில்தான் கம்பியும் சிமெண்டும் வாங்கினாயா? அப்படியானால் பெட்டி காலி. மதினியின் வளையலும் அவர்கள் சொன்ன இடத்திலேயேதான் கிடக்கிறது. எது நல்லது என்று எனக்கே தெரியவில்லை. பணம் இருந்தால் முகிலுக்கு ஆகும். இல்லாவிட்டால் மதினி பழையபடி கையை மேலே காட்டுவார்கள். இரண்டில் எதற்கு வேண்டிக்கொள்வேன்?

உனக்கு ஒரு வாக்குத் தருகிறேன். வியாழக்கிழமை அந்தக் குழியைத் திறக்கும்போது மதினி கையைப் பிடித்துக்கொண்டு நான் பக்கத்தில் நிற்பேன். உள்ளே எது இருந்தாலும், எது இல்லாவிட்டாலும், அப்பா நிலையைத் திரும்ப நிறுத்துகிற வரைக்கும் அந்தக் கையை விட மாட்டேன். இனி உன் பெயரில் எந்த ரகசியத்தையும் சுமக்கவும் மாட்டேன்.

பாப்பா புரள்கிறாள், நிறுத்துகிறேன். பெட்டிக்குள் ஏதாவது இருக்கிறதா இல்லையா, அதை மட்டும் சொல். கனவில் வந்து தலையை ஆட்டினாலும் போதும். இடையில் மூன்றே நாள்தான் இருக்கிறது, சீக்கிரம் பதில் போடு அண்ணே.

உன் கூடப் பிறந்த கழுதை,
தேனு