அலமாரிச் சாவியோடு போன அண்ணனுக்கு

என் பிரியமுள்ள சூசையண்ணே,

உன் அடக்கப் பூசையெல்லாம் முடிந்து உறவுக்காரர்கள் ஊர் திரும்பிவிட்டார்கள். ஒரே ஒரு சிக்கல்தான் பாக்கி. உன் அலமாரி பூட்டிக் கிடக்கிறது. சாவி உன் அரைஞாண் கயிற்றில் இருந்தது. கயிற்றோடு உன்னை அடக்கம் செய்துவிட்டு மதினி தலையில் அடித்துக்கொள்கிறாள்.

சாவி என்றதும் என்னைப் பெண் பார்க்க வந்த நாள்தான் நினைவுக்கு வருகிறது. அணா போய் நயா பைசா வந்த புதிது. சிவகாசியில் தீப்பெட்டி லேபிள் அடிக்கும் அச்சகத்தில் நீ எழுத்துக் கோத்துக்கொண்டிருந்தாய். தெலுங்கு, மலையாள லேபிள்களைப் பார்த்துப் பார்த்து, உலகத்துச் சொல் அத்தனையும் தமிழிலிருந்து போனதுதான் என்று முடிவுகட்டியிருந்தாய். வீட்டுக்கு யார் வந்தாலும் அதை ஒப்புக்கொண்டால்தான் காப்பி.

காரியாபட்டியிலிருந்து வந்த மாப்பிள்ளை, பள்ளிக்கூட வாத்தியார். எனக்குப் பார்த்ததுமே பிடித்துவிட்டது. நீ விடுவாயா?

"நாம எட்டுங்கோம், வெள்ளைக்காரன் எய்ட்டுங்கான். எங்கயிருந்து போச்சு, சொல்லுங்க?"

"அது சும்மா ஒத்துப்போனது அண்ணாச்சி. சுருட்டு, கட்டுமரமெல்லாம் நம்மகிட்ட இருந்து போனதுதான். ஆனா சாவி, ஜன்னல், அலமாரி, மேசை எல்லாம் போர்த்துக்கீசியர் கப்பல்ல வந்தது."

"என் வீட்டுச் சாவி கப்பல்ல வந்ததா?"

"உங்க பேரும் வெளியூருதான். ஜோசப்புதான் இங்க சூசை ஆச்சு."

நீ எழுந்து அடுக்களைக்கு வந்துவிட்டாய். போச்சு, இந்த வரனும் போச்சு என்று நினைத்தேன். காப்பித் தட்டோடு நின்றுகொண்டிருந்தேன். அம்மா உன் கையைப் பிடித்து, "ஏலே, தங்கச்சி வாழ்க்கைலே" என்றாள். நீ என் முகத்தைப் பார்த்தாய். அதில் என்ன கண்டாய் அண்ணே?

பெண் கொண்டுபோக வேண்டிய தட்டை நீயே பிடுங்கிக்கொண்டு போய் அவர் முன்னால் வைத்தாய்.

"எங்கயிருந்து வந்தா என்ன, இங்கன தங்கிட்டா நம்ம ஆளுதான். காப்பியக் குடிங்க மாப்ள."

எதையும் ஒப்புக்கொள்ளாமல் நம் வீட்டில் காப்பி குடித்தவர் அவர் ஒருவர்தான். உன் பெட்டிக்குத் தோள் கொடுத்ததும் அவர்தான். வாதாட ஆளில்லாமல் இப்போது வீட்டில் பேச்சே குறைந்துவிட்டது. எனக்கும் உன்னைத் தேடுகிறது.

அலமாரியை உடைக்க விடமாட்டேன், ஆசாரியை வைத்துப் பக்குவமாகத் திறக்கிறேன். இது சத்தியம். நீயும் எனக்கு ஒன்று செய். அங்கே மோட்ச வாசலில் பேதுரு சாவியோடு நிற்பாராம். அது எந்த ஊர்ச் சொல் என்று அவரிடம் ஆரம்பித்துவிடாதே. முதலில் உள்ளே போ.

காரியாபட்டியில் தங்கிப்போன உன் தங்கை,
மரியா