ஓங்கிய கை

1996 நவம்பர் 12, செவ்வாய்

ரசத்தில் உப்புத் தூக்கல் என்று இவர் இன்றும் என்னை அடிக்கக் கை ஓங்கினார். ஓங்கிய வலது கை பாதியிலேயே தொப்பென்று விழுந்தது. வாய் ஒரு பக்கமாகக் கோணியது. திட்ட முயன்றார், ஒரு வார்த்தைகூடத் தெளிவாக வரவில்லை. கல்யாணமான நாளிலிருந்து முதல்முறையாகப் பயமில்லாமல் அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

தட்டைக் கழுவி வைப்பதற்குள் எல்லாம் சரியாகிவிட்டது.

தாராபுரத்தில் என் அண்ணனுக்கும் இப்படித்தான் வந்து, தானாகவே சரியானது. நாங்களும் விட்டுவிட்டோம். அந்த வாரமே படுக்கையில் விழுந்தான். “கை விழுந்த அன்னைக்கே கூட்டியாந்திருக்கோணுமுங்க” என்றார் டாக்டர்.

அதனால் கேட்டேன். “ஏனுங்க, ஆஸ்பத்திரிக்குப் போலாமுங்களா?”

“கை மரத்துப்போச்சு, அவ்வளவுதான். வாய மூடிட்டு உன்ற வேலயப் பாரு.”

மூடிக்கொண்டேன்.

பிறகு மகன் பட்டறையிலிருந்து வந்தான். “அப்பா ஏனுங்கம்மா ஒரு மாதிரி இருக்காங்க?” என்றான். சொல்லியிருந்தால் அப்போதே ஆட்டோ பிடித்திருப்பான்.

“ஒண்ணுமில்ல கண்ணு, தூக்கம்தான்.”

இப்போது குறட்டை விடுகிறார். அந்தக் கை என் தலையணைமேல் கிடக்கிறது. நாளைக்கும் ரசத்தில் உப்பைத் தூக்கலாகப் போட்டு, அது மேலே எழும்புகிறதா என்று பார்க்க வேண்டும்.