தேன் நெல்லிக்காய்ச் சண்டை

ஏங்க, அசந்து தூங்குகிறீர்கள், எழுப்ப மனசு வரவில்லை. டாக்டரம்மா போனில் கூப்பிட்டார்கள். நேற்று எடுத்த எக்ஸ்ரே படத்தைப் பார்த்துவிட்டார்களாம். கால் விரலை எடுக்க வேண்டாமாம். அப்பாடா என்று அடுப்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

ராத்திரி நான் தேன் நெல்லிக்காய் ஜாடியை ஒளித்ததற்கு, "புண்ணு ஆறத்தானடி திங்கிறேன், அதுலயுமா கைய வைக்கிற?" என்று கேட்டுவிட்டுச் சாப்பிடாமல் படுத்தீர்களே. அதையும் டாக்டரம்மாவிடம் கேட்டேன். சர்க்கரையும் வைட்டமின் சியும் செல்லுக்குள் போக ஒரே வாசலில் முண்டியடிக்குமாம். "காளவாசல் ஸ்டாப்புல பஸ் ஏறுற மாதிரிதாம்மா. ரத்தத்துல சர்க்கரை கூட்டமா நின்னா, நெல்லிக்காய்ச் சத்து வெளியவே நிக்கும்" என்றார்கள்.

உப்பு நெல்லிக்காய் மேசையில் இருக்கிறது. புளித்தாலும் மெல்லுங்கள். கஞ்சி சூடாக இருக்கிறது. மாதா கோயிலில் மெழுகுதிரி ஏற்றிவிட்டு வாரேன்.

ஆனிமேரி

ஜாடியைத் தேடி ஸ்டூலில் ஏறிவிடாதீர்கள். பரணில் இல்லை, பக்கத்து வீட்டு ஆஷ்லினுக்குக் கொடுத்துவிட்டேன். அந்த விரல் நமக்கு வேண்டும்.