பேட்டரி வேண்டாம்

தூத்துக்குடி,
சனிக்கிழமை.

அன்பு மகள் இந்துமதிக்கு, உன் அப்பா எழுதுவது. முதலில் என் எழுத்தைப் பொறுத்துக்கொள். வரி மேலே ஏறும், பிறகு அதுவாகக் கீழே இறங்கும், ‘ழ’ வரும் இடத்தில் எல்லாம் பேனா நின்று யோசித்திருக்கும். துறைமுகத்தில் கரி அள்ளிய கைக்குப் பேனா ரொம்ப லேசாக இருக்கிறது, அதனால் அமுக்கிப் பிடித்துவிடுகிறேன், தாளின் பின்பக்கத்தைத் தடவினால் எழுத்தெல்லாம் விரலில் தட்டும். இதற்கு முன் உனக்கு எழுதிய இரண்டு கடிதங்களையும் முதியோர் கல்வி வகுப்பில் ஜெயஷீலா டீச்சர் பார்த்துத் திருத்தித் தந்தார்கள். இதைக் காட்டப்போவதில்லை. ஏன் என்று கேட்டார்கள், வீட்டு விஷயம் டீச்சர் என்றேன். அப்படியானால் இதுதான் நீங்கள் எழுதும் முதல் கடிதம் என்று சொல்லி ஒரு உறையும் தந்தார்கள். அதனால் பிழை இருந்தால் என்னுடையது. கடிதத்தில் முதலில் எல்லோரும் சுகம் என்று எழுதவேண்டும் என்பது வகுப்பில் சொன்ன முறை. நான் சுகம். நீயும் மாப்பிள்ளை பாண்டித்துரையும் வடோதராவில் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். அம்மா சுகமா என்பதைப் பற்றித்தான் இந்தக் கடிதமே. பயப்படும்படி ஒன்றும் இல்லை. ஆனால் படித்து முடிக்கும்வரை இதை மாப்பிள்ளையிடம் காட்டாதே. முடித்த பிறகும் காட்டாதே.

தினமும் காலையில் மகாராஜா அண்ணாச்சியின் டீக்கடையில் பேப்பர் வாசிக்கிறேன். முன்பெல்லாம் யாராவது வாசிப்பதைக் கேட்டுக்கொண்டிருப்பேன், அவருக்குப் பிடித்த செய்திதான் எனக்கும் கிடைக்கும். இப்போது எனக்கு வேண்டியதை நானே எடுத்துக்கொள்கிறேன், டீ ஆறிப்போவதற்குள் ஒரு செய்தி முடிந்துவிடுகிறது. உலகத்தில் இவ்வளவு நடப்பது இத்தனை நாளாகத் தெரியாமல் இருந்ததில் எனக்கு நஷ்டம் ஒன்றும் இல்லை, ஆனாலும் வாசிக்க நன்றாக இருக்கிறது. போன வாரம் துறைமுகத்தில் இருந்து காற்றாலை இறக்கை ஒன்றை ஏற்றிவந்த லாரி திரும்ப முடியாமல் ரோட்டை அடைத்துக்கொண்டு நின்றது, போய்ப் பார்த்தேன், அந்த இறக்கை நம் தெருவைவிட நீளம். நான் வேலை பார்த்த காலத்தில் கரண்ட் என்றால் கரிதான். இப்போது காற்றில் எடுக்கிறார்கள், வெயிலில் எடுக்கிறார்கள், கயத்தாறு பக்கம் காற்றாலைக்கு அடியில் ஆடு மேய்கிறது. எதில் எடுத்தாலும் சரி, நெஞ்சில் தூசி போகாமல் எடுத்தால் நல்லது என்பது என் எண்ணம். மகாராஜா அண்ணாச்சி அதையெல்லாம் ஒத்துக்கொள்ளமாட்டார், ஊருக்கெல்லாம் கரண்ட் செய்து அனுப்புகிற ஊரில் என் பிரிட்ஜ் மட்டும் ஓடவில்லை என்று நாளுக்கு ஒரு தடவையாவது சொல்லிவிடுவார். இன்னொரு செய்தியும் வந்திருந்தது. ஏதோ ஒரு ஊரில் வீட்டுக் கேமராவில் தெரிவதை எல்லாம் முகம் தெரியாத ஆட்கள் பார்த்துக்கொண்டிருந்தார்களாம், கடையில் வாங்கியபோது இருந்த ரகசிய எண்ணை வீட்டுக்காரர்கள் மாற்றாமல் விட்டதால் வந்த வினை. இதை நான் கடையில் சத்தமாகவே வாசித்தேன். அண்ணாச்சி, “என் வீட்டப் பாத்து அவன் என்னத்தக் கண்டான், கொசுவலையும் என் வயித்தையும்தான் பாக்கணும்” என்றார். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். ஆனால் முகம் தெரியாதவன் பார்த்தால் வீட்டில் இருப்பவர்களுக்குத் தெரியவே தெரியாது, வேண்டியவர் பார்க்கிறார் என்று தெரிவதுதான் சில பேருக்குக் கஷ்டம் என்று எனக்குத் தோன்றியது. அதை அங்கே சொல்லவில்லை.

பொங்கலுக்கு வந்தபோது மாப்பிள்ளை நம் பட்டாசல் கூடத்தில் மாட்டிய கேமரா நன்றாக வேலை செய்கிறது. அம்மா வழுக்கி விழுந்து முழங்கால் வீங்கியபோது நீ அவ்வளவு தூரத்தில் இருந்துகொண்டு பட்ட பாடு எனக்குத் தெரியும், அதற்காகத்தான் வாங்கினீர்கள், அதில் எனக்குக் குறை இல்லை. மாப்பிள்ளை தங்கமான பிள்ளை. முதன்முதலில் என் பெயரைச் சிலேட்டில் எழுதி அதன் முன்னால் தூக்கிக் காட்டியபோது அதற்குள் இருந்து கை தட்டினாரே, அது எனக்கு மறக்காது. அது தலையைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பதற்கும் பழகிவிட்டேன், வீட்டுக்குள் சட்டை போட்டுக்கொள்கிறேன், அவ்வளவுதான். ஒருநாள் பட்டாசல் கொடியில் காயப்போட்ட சேலை மின்விசிறிக் காற்றில் பறந்து அதை மூடிவிட்டது, நீ பதறிப்போய்ப் பக்கத்து வீட்டுப் பிளாரன்ஸுக்குப் போன் செய்தாய். அவள் மாவுக் கையோடு ஓடி வந்து பார்த்தபோது நாங்கள் முறுக்கு தின்றுகொண்டிருந்தோம், நான் உட்கார்ந்துகொண்டு, அம்மா நின்றுகொண்டு. அதற்குப் பிறகு அதன்மேல் ஒரு துண்டைப் போட்டுவிடலாம் என்ற யோசனை எனக்கு வரவில்லை.

இனி விஷயத்துக்கு வருகிறேன். கொஞ்ச நாளாக, நான் டீக்கடையில் இருந்து வந்ததும், நாளைக்குக் கரண்ட் போகுமா, பேப்பரில் போட்டிருக்கிறதா என்று அம்மா கேட்பாள். எந்தெந்தப் பகுதியில் மின்தடை, எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை என்று பேப்பரில் வரும் அல்லவா, அதைத்தான். நம் பகுதியின் பெயர் வந்தால் சொல்வேன், சொன்னதை இன்னொரு தடவை சொல்லச் சொல்வாள். நான் வாசிப்பதில் அவளுக்குப் பெருமை என்று நினைத்துக்கொண்டேன். அந்த உற்சாகத்தில் வேம்பாரில் மின்தடை என்பதைக்கூட வாசித்துச் சொன்னேன், அதற்கு மட்டும் அவள் முகம் மலரவில்லை. பிறகு ஒருநாள் பகலில் ஒரு போன் வந்தது. மின்வாரியத்தில் இருந்து பேசுகிறேன், பில் கட்டவில்லை, இன்று ராத்திரி உங்கள் கரண்டை வெட்டிவிடுவோம், வெட்டாமல் இருக்க நான் அனுப்புகிற லிங்கை அமுக்குங்கள் என்று ஒருவன் சொன்னான். இந்த ஏமாற்று வேலையைப் பற்றி ஏற்கெனவே வாசித்திருந்தேன், போனை வாங்கக் கையை நீட்டினேன், அதற்குள் அம்மா அவனிடம், “வெட்டுங்க அண்ணாச்சி, அதுக்கென்ன. எம்புட்டு நேரத்துக்கு வெட்டுவிய? பகல்ல வெட்டினா இன்னும் நல்லாருக்கும்” என்றாள். அவன் போனை வைத்துவிட்டான். எனக்குச் சிரித்துச் சிரித்து இருமல் வந்துவிட்டது. அம்மா சிரிக்கவில்லை. அவள் நிஜமாகவே கேட்டிருந்தாள்.

போன செவ்வாய்க்கிழமை மாதாந்திரப் பராமரிப்பு என்று காலையிலேயே கரண்ட் போய்விட்டது. வெளியே புறப்பட்ட நான் கண்ணாடியை மறந்துவிட்டுத் திரும்பி வந்தேன். பட்டாசலில் அம்மா என் நாற்காலியில் சாய்ந்து, எதிரே ஸ்டூலைப் போட்டு இரண்டு காலையும் அதில் நீட்டி, முழங்காலில் எண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள். கேமராவில் பச்சை விளக்கு அணைந்திருந்தது. அவள் இப்படி உட்கார்ந்து நான் பார்த்து எவ்வளவு நாள் ஆயிற்று என்று அப்போதுதான் யோசித்தேன், பொங்கலுக்குப் பிறகு பார்க்கவே இல்லை. உனக்குத் தெரியாதது இல்லை, உனக்குக் கல்யாணம் ஆன நாளில் இருந்து அவள் மருமகன் முன்னால் உட்கார்ந்தது கிடையாது. அவர் வந்தால் எழுந்துபோய் அடுக்களை நிலையைப் பிடித்துக்கொண்டு நிற்பாள், அவரே உட்காருங்கள் அத்தை என்றாலும், இருக்கட்டும் மாப்பிள்ளை என்பாள். என் மாமியாரும் என் முன்னால் உட்கார்ந்ததில்லை, அந்த மரியாதை அப்படி. வருஷத்தில் நாலு நாள் நிற்பது யாருக்கும் கஷ்டம் இல்லை. இப்போது மாப்பிள்ளை தினமும் வீட்டில் இருக்கிறார்.

ஏளா, அது மாப்பிள்ளை இல்லை, ஒரு டப்பா என்று அவளிடம் சொன்னேன். “டப்பாவுக்கு அங்கன மாப்பிள்ளை இருக்காருல்லா. அவரு செல்லுலயும் தெரியும்னு அவரேதான சொன்னாரு” என்றாள். அப்படியானால் நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார் என்றேன். “அவருக்கு முதுகக் காட்டிக்கிட்டு உக்காரச் சொல்லுதியளா? நல்லா படிச்சிய, போங்க” என்றாள். உள் அறையில் பகலில் இருக்கமுடியாது, அதற்கு மட்டும் மேலே ஷீட், கொதிக்கும். அடுக்களையில் நாற்காலி போட்டால் கால் நீட்ட இடம் இல்லை. தரையில் உட்கார்ந்தால் எழுந்திருக்கமுடியாது. மத்தியானம் காலை நீட்டி உட்காரவேண்டும் என்று டாக்டர் சொன்னது உனக்கும் தெரியும். முழங்கால் இப்போது அவள் விழுந்தபோது இருந்ததைவிடப் பெரிதாக இருக்கிறது, சேலைக்குள் இருப்பதால் கேமராவில் தெரியவில்லை. போன வாரம் நீ போனில், அம்மா எப்போது பார்த்தாலும் நடமாடிக்கொண்டே இருக்கிறாள், கால் தேறிவிட்டது போல என்று சந்தோஷப்பட்டாய். நானும் ஆமாம் என்றேன். எனக்கும் அப்போது தெரியாது, நான் கூடவே இருக்கிறவன்.

உன்னிடம் சொல்லக்கூடாது என்று அம்மா என்னிடம் வாக்கு வாங்கிக்கொண்டாள். “பிள்ள வருத்தப்படுவா. மாப்பிள்ளைக்குத் தெரிஞ்சா நான் எந்த முகத்தோட அவரு முன்னால நிப்பேன்” என்றாள். சொல்லமாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன். எழுதக்கூடாது என்று அவளும் கேட்கவில்லை, எழுதமாட்டேன் என்று நானும் சொல்லவில்லை. போனிலும் இதைச் சொல்லமுடியாது, நம் வீட்டில் பட்டாசலில் நின்றால்தான் சிக்னல் கிடைக்கிறது, கேமராவுக்குக் காதும் உண்டு, நீயோ காரில் போகும்போது ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவாய். இத்தனை வயது வரைக்கும் எழுத்தில் எனக்கு ரகசியம் என்று ஒன்று இருந்ததில்லை. அடுத்தவரிடம் சொல்லி எழுதவைத்தால் அவருக்கும் தெரியும், வந்ததையும் அடுத்தவர்தான் வாசிப்பார். ஏ.டி.எம்.மில் பின்னால் நிற்பவரிடம் எண்ணைச் சொல்லி அமுக்கச் சொன்ன ஆள் நான். இது நானே எழுதி நானே ஒட்டப்போகும் முதல் ரகசியம். விஷயம் சந்தோஷமான விஷயம் இல்லை, ஆனாலும் எழுத எழுத எனக்குச் சந்தோஷமாகத்தான் இருக்கிறது.

அவசரம் என்னவென்றால், மாப்பிள்ளை தன் கம்பெனி மூலமாக நம் மொட்டை மாடியில் சூரியத் தகடு போட ஏற்பாடு செய்திருக்கிறார். கூடவே ஒரு பெரிய பேட்டரியும் வருகிறது, இனி கரண்ட் போனாலும் கேமரா நிற்காது, நமக்குக் கவலை இல்லை என்று போனில் சொன்னார். ரொம்ப சந்தோஷம் மாப்பிள்ளை என்று அம்மா சொன்னாள். நான் அவள் கையைப் பார்த்தேன், நிலையை இறுக்கிப் பிடித்திருந்தாள். மாடியை அளந்துபோக வந்தவரிடம் நான் தனியாகக் கேட்டுவைத்தேன். பேட்டரி இல்லாமல் தகடு மட்டும் போட்டால், லைனில் கரண்ட் போகும்போது இதுவும் நின்றுவிடுமாம், கம்பத்தில் ஏறி வேலை செய்கிறவர்மேல் பாயாமல் இருக்க அப்படி வைத்திருக்கிறார்களாம். நல்ல ஏற்பாடு. அதனால் தகடு வரட்டும், இந்த ஊரில் வெயிலுக்குப் பஞ்சம் இல்லை. பேட்டரி மட்டும் வேண்டாம் என்று சொல். ஆடி முடிந்ததும் ஆட்கள் வந்துவிடுவார்கள், அதற்குள் சொல்லவேண்டும். காரணம் கேட்டால், ஸ்கூட்டர் பேட்டரி தீப்பிடித்த செய்தியை அப்பா பேப்பரில் வாசித்துவிட்டுப் பயப்படுகிறார் என்று சொல். அந்தச் செய்தியை நான் வாசித்தது உண்மை. புதிதாகப் படித்தவன் எல்லாவற்றுக்கும் பயப்படுவான் என்று மாப்பிள்ளை நினைத்தால் நினைத்துக்கொள்ளட்டும்.

ஆனால் அது கரண்ட் போகும் நாளுக்கு மட்டும்தான் வழி, அது மாதத்தில் ஒருநாள். மற்ற நாளுக்கு, கேமராவை வாசல் பக்கம் மாற்றச் சொல்லமுடியுமா என்று பார். முழுக்க எடுக்கச் சொல்லவில்லை. தெருவில் திருட்டுப் பயம் என்று அப்பா சொல்கிறார் என்று சொல். நம் தெருவில் திருட்டு ஒன்றும் இல்லை, பிளாரன்ஸின் செருப்பு ஒன்று காணாமல் போனது, அதையும் நாய்தான் கொண்டுபோயிற்று. அம்மா மறுபடி விழுந்தால் யார் பார்ப்பது என்று கேட்பாய். நான் பார்ப்பேன், கூப்பிட்டால் பிளாரன்ஸ் வருவாள், அதோடு உட்கார்ந்திருக்கிறவள் விழமாட்டாள். மாப்பிள்ளையிடம் கோபமாக ஒன்றும் பேசிவிடாதே, அவர் அக்கறையில் செய்தார்.

கேமராவின் ரகசிய எண்ணை மாற்றினீர்களா என்று கேட்டுக்கொள். யார் அனுப்பினாலும் லிங்கை அமுக்காதே. வேளைக்குச் சாப்பிடு. அம்மாவின் பெயரையும் எழுதப் பழகிவிட்டேன், சுடலைமாடத்தி, நீளமான பெயர், பாதி வரி போய்விடுகிறது. இன்று தாளையும் பேனாவையும் எடுத்துக்கொண்டு டீக்கடைக்குப் புறப்பட்டபோது என்ன எழுதப்போகிறீர்கள் என்று கேட்டாள், பாடம் என்றேன். மாப்பிள்ளை பார்த்தால் மெச்சுகிற மாதிரி நல்ல எழுத்தாக எழுதுங்கள் என்றாள், நின்றுகொண்டே. சுடலைமாடசாமி துணையில் நீங்கள் இருவரும் நோய்நொடி இல்லாமல் நிறைந்து இருங்கள். அடுத்த வாரமும் எழுதுவேன், அதற்குள் என் வரிகள் கொஞ்சம் நேராகும். நீயும் பதிலைப் போனில் சொல்லாமல் எழுதியே அனுப்பு, வந்தால் வாசித்துக்கொள்ள இங்கே இப்போது ஆள் இருக்கிறது.

ஒன்று மறந்துவிட்டேன். அடுத்த மின்தடை என்றைக்கு என்று பேப்பரில் இன்னும் வரவில்லை, பார்த்துக்கொண்டிருக்கிறேன். என்றைக்காவது உன் செல்லில் வீடு தெரியாமல் இருட்டாக இருந்தால் பிளாரன்ஸுக்குப் போன் செய்யாதே. அம்மா உட்கார்ந்திருப்பாள்.

உன் அப்பா,
தாணுலிங்கம்.