எஸ்டேட் ஏரிக்குக் கீழே

அக்டோபர் 12
ரேஷன் வாங்கி வரும்போது பார்த்தேன். போன வருஷம் முதலாளியின் ரிசார்ட்டில் படகு விடுவதற்காக எஸ்டேட் ஏரியின் மண்கரையை உயர்த்தினார்கள். உபரித் தண்ணீர் போகும் வழியையும் கல் வைத்து அடைத்தார்கள். இப்போது கரையின் அடியில், எங்கள் தொழிலாளர் லைன் வீடுகள் பக்கம், சேறாகக் கசிகிறது.

அக்டோபர் 15
மேனேஜர் கிங்ஸ்டனிடம் சொன்னேன். "மண்கரைன்னா கசியத்தானுங்க செய்யும்" என்றார். கெட்டவரில்லை. முதலாளிக்குப் போன் போட்டாராம். அவர், சீசன் முடியட்டும் என்றாராம்.

அக்டோபர் 21
புகார் சொல்ல ஏற்காடு போனேன். ஒரு ஆபீஸில், தனியார் நிலம், எங்களுக்குச் சம்பந்தமில்லை என்றார்கள். இன்னொன்றில், "உடைஞ்சா சொல்லுங்கம்மா, வர்றோம்." அங்கிருந்தவர் சிரிக்காமல்தான் சொன்னார்.

அக்டோபர் 22
விஷயம் எஸ்டேட்டுக்குத் தெரிந்துவிட்டது. என் வீட்டுக்காரர் மாதப்பன் சாப்பிடவில்லை. "அவிங்க ஊட்டுல குடியிருந்துக்கிட்டே அவிங்க மேல கம்ப்ளைண்ட் குடுப்பியா?"

நவம்பர் 3
மழை.

நவம்பர் 5
மழை விடவில்லை. லைனில் எல்லோரையும் கெஞ்சி, மேட்டிலிருக்கும் சர்ச் ஹாலுக்குக் கூட்டிப் போனேன். கடைசி வீட்டு அத்தாயியும் ஆடுகளோடு வந்தாள்.

நவம்பர் 8
வெயில். கரை அப்படியே நிற்கிறது. எல்லோரும் சிரித்தார்கள், மாதப்பனும். அத்தாயி மட்டும், "அக்கறையிலதான கண்ணு கூப்ட்ட" என்றாள்.

நவம்பர் 16
மறுபடி மழை. "மறுக்காவுமா?" என்றார்கள். அத்தாயி, "நீ போ கண்ணு, விடிஞ்சு வர்றேன்" என்றாள். நானும் போகவில்லை. வெட்கமாக இருந்தது.

நவம்பர் 17
கரை போய்விட்டது.

நவம்பர் 19
கரை உடைந்தது விடிகிற நேரம். வெள்ளம் கடைசி வீட்டை அடித்துக்கொண்டு ஓடைப் பக்கம் திரும்பிவிட்டது. நாங்கள் இருக்கிறோம். அத்தாயியை ஒரு மைல் தள்ளி, காபிச் செடிகளுக்குள் எடுத்தார்கள். கையப் புடிச்சு இழுத்திருந்தா வந்திருப்பாளே — ஏன்டி சசி, இழுக்கல? சிரிச்சாச் சிரிச்சிட்டுப் போறாங்கன்னு ஏன் விடல?

நவம்பர் 25
ஆபீஸ்காரர்கள் ஜீப்பில் வந்தார்கள். இயற்கைப் பேரிடர் என்று எழுதிக்கொண்டார்கள். கசிந்த இடத்தைச் சொன்னேன். "இப்பக் கரையே இல்லையேம்மா, எதைப் பார்க்கிறது?"
கூட வந்த கிங்ஸ்டன் தலை நிமிரவில்லை.

டிசம்பர் 14
அத்தாயியின் ஆடு ஒன்று லைனைச் சுற்றி வருகிறது. யாரும் பிடித்துக் கட்டவில்லை.

ஜனவரி 20
பொங்கல் முடிந்ததும் ஜேசிபி மேலே ஏறிவிட்டது. புதுக் கரை, பழையதைவிட உயரமாம். லைன் ஆட்களைத்தான் வேலைக்குப் போட்டிருக்கிறார்கள். மாதப்பனுக்குத் தூக்குப்போசியில் சோறு கட்டிக் கொடுத்தேன். வாசலில் செருப்பை மாட்டினார்.
"மண்ண நொம்பக் கெட்டியா மிதிச்சுப் போடறோம் சசி."
சரிங்க என்றேன்.