அண்ணன் அடித்த தூரம்

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் இங்கே நலம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். எழுதினால் அதுவும் ஒரு பொய்யாகிவிடும். ஏற்கெனவே இந்தக் குடும்பத்தில் பொய் கொட்டிக் கிடக்கிறது. அதனால் இருவருக்கும் உடம்புக்கு ஒன்றும் இல்லை என்று மட்டும் சொல்லிக்கொள்கிறேன்.

போன் இருக்கும்போது இவளுக்கு எதற்குக் காகிதமும் பேனாவும் என்று கேட்பீர்கள். உங்கள் போன் இப்போது எந்தச் செய்தி வந்தாலும் உரக்கப் படித்துச் சொல்கிறது. அதுவும் எந்நேரமும் அத்தான் கையில்தான் இருக்கிறது. காகிதத்தை அவரால் படிக்க முடியாது. இப்படி எழுத எனக்கே கை கூசுகிறது, மன்னித்துக்கொள்ளுங்கள். எங்கள் மாடி வீட்டு நர்ஸ் உங்கள் ஊர் ஆஸ்பத்திரியில் வேலைக்குச் சேர வருகிறாள். வெள்ளிக்கிழமை உங்கள் கையிலேயே கொடுப்பதாகச் சொல்லியிருக்கிறாள். குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு படியுங்கள்.

அத்தானின் இடது கண்ணில் வெளிச்சமாவது தெரிகிறதா? கட்டைப் பிரித்துப் பார்த்து டாக்டர் என்ன சொன்னார்? வலது கண்ணை மறந்துவிடச் சொன்னார்கள் என்று நீங்கள் சொன்னதிலிருந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அத்தானின் ராசியான கை, எதை எடுத்தாலும் கச்சிதமாகச் செய்கிற கை. அந்தக் கை பந்தடிக்க ஒட்டிய குழாயே வெடித்துச் சில்லு கண்ணில் பாய்ந்தது என்றால் யாரைப் போய்க் குறை சொல்வது?

இனி என் வீட்டுக்காரர், உங்கள் கொழுந்தன் கதை. சைக்கிள் பம்பால் காற்றடித்து, வால்வைத் திருப்பி, பிளாஸ்டிக் குழாயிலிருந்து டென்னிஸ் பந்தைப் பறக்கவிட்டுக்கொண்டிருந்தவரை இது விளையாட்டாகத்தான் இருந்தது. உன் பந்து எவ்வளவு தூரம், என் பந்து எவ்வளவு தூரம் என்று அண்ணனும் தம்பியும் ஞாயிற்றுக்கிழமை தோறும் போனில் பீற்றிக்கொண்டார்கள். குடிக்கிற புருஷனுக்குப் பந்தடிக்கிற புருஷன் தேவலை என்று நீங்கள்தான் சொன்னீர்கள். நானும் சிரித்தேன்.

பிறகு அத்தானுக்கு ஹீலியம் பைத்தியம் பிடித்தது. காற்றைவிட லேசான வாயு, குழாய்க்குள் சட்டென்று விரியும், பந்து எத்தனை வேகமாக ஓடினாலும் பின்னாலேயே துரத்தித் தள்ளும் என்று தம்பிக்குப் போனிலேயே பாடம் நடத்தினார். தம்பிக்கோ பலூன் அலங்காரக் கடையில் வேலை. சிலிண்டர் கைக்கெட்டிய தூரத்தில் நிற்கிறது. கேட்க வேண்டுமா? வேலியில் போகிற ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்ட கதைதான்.

இப்போது கடையில் பலூனுக்குப் பாதி வயிறுதான் நிரம்புகிறது, மீதி இவர் குழாய்க்குப் போகிறது. ஒரு பிறந்தநாள் வீட்டில் கேக் வெட்டுவதற்குள் பலூன்கள் எல்லாம் தரைக்கு வந்துவிட்டனவாம். முதலாளி சிலிண்டர் விற்றவனை ஏசிக்கொண்டிருக்கிறார். இவர் பக்கத்தில் நின்று ஆமாம் சார், ஆமாம் சார் என்கிறார்.

நான் வாயை மூடிக்கொண்டிருக்கவில்லை. வால்வை ஒளித்து வைத்தேன், வேறு வாங்கி வந்தார். வயிற்றுவலி என்று சுருண்டு படுத்தேன், டாக்டரிடம் கூட்டிப்போய் மருந்து வாங்கிக் கொடுத்துவிட்டு மைதானத்துக்குக் கிளம்பினார். கண்ணுக்குப் போட வெல்டிங் கண்ணாடி வாங்கிக் கொடுத்தேன், அதைத் தலையில் ஏற்றிக்கொண்டு சினிமாக் கதாநாயகன் மாதிரி திரிகிறார். ஒருநாள் பொறுக்க முடியாமல் கத்தினேன். அவர் ஒரு பலூனை வாயில் வைத்து உறிஞ்சி, வாத்துக் குரலில் சரிங்க மேடம் என்றார். சிரித்துவிட்டேன், அக்கா. சண்டை அத்தோடு போயிற்று. ஒரு மனுஷன் வாத்துக் குரலில் பேசும்போது எப்படி அழுவது?

எரியாத வாயு, குழந்தைகள் கையில் கொடுப்பது, இதில் என்ன ஆபத்து என்று கேட்கிறார். அத்தானும் இதையேதானே சொன்னார்? எரியாதுதான். குழாய் பிளப்பதற்கு நெருப்பு எதற்கு? தண்ணீர் போவதற்கென்று செய்த பிளாஸ்டிக்கில் வாயுவைத் திணித்துக்கொண்டே போனால் அது எத்தனை நாள் தாங்கும்? இதெல்லாம் எனக்கு உங்கள் வீட்டு விபத்துக்குப் பிறகு தெரிந்தது. அவருக்கு அந்த விபத்தே தெரியாது.

போன வாரம் அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். “அண்ணனும் இதைத்தானே பண்றான். அவனுக்கு ஒண்ணும் ஆகலையே, எனக்கு மட்டும் என்ன ஆகிடப்போகுது?” நான் பாத்திரத்தைத் தேய்த்துக்கொண்டே நின்றேன். தேய்த்த பாத்திரத்தையே திரும்பத் தேய்த்தேன்.

அன்றைக்குப் போனில் நீங்கள் அழுத அழுகைக்கு, எதைக் கேட்டிருந்தாலும் நான் சரி என்றிருப்பேன். தம்பிக்குத் தெரிய வேண்டாம், அவன் என்னைப் பார்த்துப் பரிதாபப்பட்டால் நான் உயிரோடு இருக்க மாட்டேன் என்று அத்தான் சொன்னதாகச் சொன்னீர்கள். ஞாயிற்றுக்கிழமை தம்பி கூப்பிடுகிற நேரத்துக்கு மட்டும்தான் சுவரைப் பார்த்துப் படுக்காமல் எழுந்து உட்காருகிறார் என்றும் சொன்னீர்கள். எனக்குப் புரிந்தது. என் புருஷன் தலைமேல் சத்தியம் செய்து கொடுத்தேன்.

ஆனால் அத்தான் எழுந்து உட்கார்ந்து பந்தும் அடிக்கிறாரே, அக்கா. கட்டிலில் இருந்துகொண்டே இன்றைக்கு இத்தனை மீட்டர் என்கிறார். வீடியோ அனுப்பு என்று தம்பி கேட்டால் போன் கேமரா கெட்டுப்போச்சு என்கிறார். நீங்கள் பக்கத்தில் இருந்து கேட்டுக்கொண்டுதானே இருக்கிறீர்கள்? அந்தக் கணக்கை எட்டிப் பிடிக்கத்தான் இவர் ஒவ்வொரு வாரமும் குழாயில் இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று ஏற்றுகிறார்.

என் பங்குக்கு நானும் ஒரு காரியம் செய்து தொலைத்தேன். கிடங்குக்குப் பின்னால் இருக்கிற காலி மைதானத்தில்தான் அடிப்பார். அளக்கிற டேப்பின் ஒரு முனை அவரிடம், பந்து விழுந்த இடத்தில் மறுமுனையோடு நான். போன மாதம் பந்து விழுந்த இடத்தைத் தாண்டி நடந்துபோய் நின்று, அண்ணனை ஜெயித்துவிட்டீர்கள் என்று கையை ஆட்டினேன். ஜெயித்துவிட்டால் ஆட்டம் முடிந்துவிடும் என்று நினைத்தேன். குழந்தை மாதிரி குதித்தார். அங்கேயே நின்று ஸ்பீக்கரில் அண்ணனுக்குப் போன் போட்டார். அத்தான் எத்தனை மீட்டர் என்று இரண்டு தரம் கேட்டார். அப்புறம், காலையில் என் பந்து அதுக்கும் மேலே போச்சுடா என்றார். இவர் முகம் போன போக்கை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

என் பொய் அத்தானுக்குத் தெரியாது. அத்தான் பொய் எனக்குத் தெரியும். நடுவில் உங்கள் கொழுந்தன் ஒருவர்தான் நிஜமாக வாயு அடைக்கிறார்.

வரும் ஞாயிற்றுக்கிழமைக்காகப் பெரிய குழாய் ஒன்று ஒட்டியிருக்கிறார். பசை காயட்டும் என்று எங்கள் கட்டிலுக்கு அடியில்தான் கிடக்கிறது, அறை முழுக்க அந்த நாற்றம். புது சிலிண்டரும் வருகிறதாம். இதுவரை அடைத்ததெல்லாம் ஒன்றுமே இல்லை, இந்த முறை அண்ணன் வாயடைத்துப் போவான் என்கிறார். உடைத்துப் போட்டுவிடலாம் என்று நானும் குனிந்து பார்த்தேன். உடைத்தால் அவசரம் அவசரமாக இன்னொன்று ஒட்டுவார், அது இதைவிட மோசமாக இருக்கும்.

உண்மையைச் சொல்லிவிடலாம் என்று வாய்வரை வருகிறது. நான் ஒன்றும் அரிச்சந்திரன் பரம்பரை இல்லை. வேறு எதன்மேல் சத்தியம் செய்திருந்தாலும் எப்போதோ காற்றில் விட்டிருப்பேன். தலை அவருடையது. சொன்னாலும் அந்தத் தலைக்குத்தான், சொல்லாவிட்டாலும் அந்தத் தலைக்குத்தான். இப்படி என்னை மாட்டிவிட்டீர்களே என்று உங்கள்மேல் கோபம் வருகிறது. அடுத்த நிமிஷம் நீங்கள் அங்கே தனியாக அவருக்கு ஊட்டிக்கொண்டிருப்பது நினைவுக்கு வருகிறது. யார்மேல்தான் கோபப்படுவது?

அத்தான் தன் கண்ணைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டாம். அவர் மானம் அவரிடமே இருக்கட்டும். தோற்றுவிட்டேன், இதோடு போதும் என்று அண்ணன் வாயால் வந்தால் தம்பி அன்றைக்கே குழாயைத் தூக்கிப் போடுவார். நான் கேட்டால் எனக்கு எல்லாம் தெரியும் என்று அத்தானுக்குத் தெரிந்துவிடும். நீங்கள் கேட்டால் உங்கள்மேல் எரிந்து விழுவார். அதனால் நீங்கள் எதையும் கேட்க வேண்டாம். ஒரு செய்தி மட்டும் சொன்னால் போதும், மீதியை அத்தானே பார்த்துக்கொள்வார்.

நீங்கள் வேளைக்குச் சாப்பிடுங்கள். அழுதால் அவருக்குக் கேட்காமல் அழுங்கள், இப்போது அவருக்குக் காதுதான் எல்லாம். அந்த இடது கண்ணில் உங்கள் முகமாவது தெரிய வேண்டும் என்று நான் கும்பிடாத நாள் இல்லை.

சனிக்கிழமை, வேறு ஏதாவது பேசிக்கொண்டிருக்கும்போது சும்மா சொல்வதுபோல் சொல்லுங்கள். மத்தியானம் தூங்கினீர்களே, அப்போது சின்னவள் போன் பண்ணினாள், டேப்பைப் பிடித்துக்கொண்டு தூரத்தில் நின்று சலித்துப்போச்சாம், நாளைக்குக் குழாய்க்குப் பக்கத்திலேயே, உங்கள் தம்பி தோளை ஒட்டி நின்று பார்க்கப்போகிறாளாம் என்று.

நிற்கப்போவது மட்டும் பொய் இல்லை, அக்கா.

இப்படிக்கு,
உங்கள் ஓரகத்தி